உங்களுக்குத் தெரியுமா? நடுவானில் மோதாமல் பறப்பது எப்படி?

● எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்கள் ஒவ்வொன்றும் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால், அவற்றுக்கு இடையே உள்ள தூரம் நொடிக்கு 500 மீட்டர் வீதம் குறைகிறது. 10 கி.மீ. தள்ளி வெறும் புள்ளியாகத் தெரியும் விமானம் 20 நொடியில் நேர் எதிரே வந்து நிற்கும்.

● அந்த 20 நொடியில் விமானிக்கு எவ்வளவு மிஞ்சும்? ஒரு பொருளைக் கண்டு, அது விமானம்தான் என்று அடையாளம் கண்டு, நம்மீது மோதும் பாதையில் வருகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் விலகுவது என்று முடிவெடுத்து, கையால் திருப்பி, விமானமும் திரும்பத் தொடங்க மொத்தம் 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை கணக்கிட்டிருக்கிறது. ஆபத்து என்று உணர்வதற்கே அதில் 5 நொடி போய்விடுகிறது. 'விமானி கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதாதா?' என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

● நம்மீது மோத வரும் விமானம் ஜன்னல் கண்ணாடியில் நகராது! பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும் விமானம் நம்மைக் கடந்து போய்விடும். ஒரே இடத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கும் புள்ளிதான் எமன். அது கடைசிச் சில நொடிகள் வரை சிறியதாகவே இருந்து, பிறகு சட்டென்று பெரிதாகும். மனிதக் கண் அசைவதைத்தான் முதலில் கவனிக்கும் என்பதால், மிக ஆபத்தான விமானமே கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

● வெறும் நீல வானத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத கண், ஓரிரு மீட்டர் தூரத்திலேயே குவிந்து நின்றுவிடும். விமானி தொலைவில் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். கண் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணாடிக்கு அருகே. அதனால்தான் அவ்வப்போது இறக்கை நுனியையோ தூரத்து மேகத்தையோ பார்த்துவிட்டு மறுபடி வானத்தைத் துழாவச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

● 1978 செப்டம்பர் 25. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நல்ல வெளிச்சம், தெளிந்த வானம். தரையிறங்க வந்த போயிங் 727 விமானிகளுக்கு, முன்னால் ஒரு சிறிய செஸ்னா விமானம் பறப்பதாகக் கட்டுப்பாட்டு அறை சொன்னது. அவர்களும் பார்த்தார்கள். பிறகு அது கண்ணிலிருந்து மறைந்தது. கடந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். அது அவர்களுக்குக் கீழே, முன்னாலேயே இருந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள்.

● ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஏழே ஆண்டுகளில் முதல் நடுவான் மோதல் நடந்துவிட்டது. 1910 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த விமானக் கண்காட்சியில், பிரான்ஸைச் சேர்ந்த ரெனே தொமாவின் விமானம், பிரிட்டனைச் சேர்ந்த கேப்டன் பெர்ட்ரம் டிக்ஸனின் விமானத்தின் மேல் வந்து விழுந்தது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். டிக்ஸனுக்குப் பலத்த காயம்.

● பயணிகள் விமானங்களின் முதல் மோதல் 1922 ஏப்ரல் 7 அன்று, லண்டன்-பாரிஸ் தடத்தில். வடக்கு பிரான்ஸில் பனிமூட்டம். அந்தக் காலத்தில் விமானிகள் தரையில் தெரியும் சாலையையும் தண்டவாளத்தையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிப்பார்கள். லண்டனிலிருந்து வந்தவரும் பாரிஸிலிருந்து கிளம்பியவரும் ஒரே சாலையை, ஒரே உயரத்தில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 7 பேர் பலி. அதன் பிறகுதான் வழிகாட்டும் சாலைக்கோ தண்டவாளத்துக்கோ வலப்பக்கமாகவே பறக்க வேண்டும் என்ற ஒழுங்கில் கண்டிப்பு வந்தது.

● 'ஆகாயம் எவ்வளவு பெரியது, இரண்டு விமானம் அதில் முட்டிக்கொள்ளுமா?' என்ற எண்ணம் அதற்குப் பிறகும் போகவில்லை. ஆகாயம் பெரியதுதான். ஆனால் எல்லாரும் ஒரே ஊர்களுக்கு, ஒரே பாதைகளில், ஒரே உயரங்களில்தான் போகிறோம்.

● எதிரெதிரே வந்தால் இருவரும் வலது பக்கம் விலக வேண்டும். முந்துபவரும் வலப்பக்கமாகவே முந்த வேண்டும். குறுக்கே வந்தால், தன் வலது கைப்பக்கம் இருப்பவருக்கு வழி விட வேண்டும். சாலையில் இடப்பக்கம் ஓட்டும் இந்தியாவிலும் இலங்கையிலும்கூட வானத்தில் விதி இதுதான். உலகம் முழுவதும் ஒன்றே.

● விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. இது அழகுக்கு அல்ல. இரவில் வலப்புறமிருந்து குறுக்கே வரும் விமானத்தின் இடது இறக்கைதான் நமக்குத் தெரியும், அதாவது சிவப்பு. சிவப்பைப் பார்த்தவர் வழிவிட வேண்டும். அதே நொடியில் எதிர் விமானிக்கு நம்முடைய பச்சை தெரியும், அவர் போகலாம்.

● வானத்தில் யாருக்கு முன்னுரிமை? பலூனுக்கு. பிறகு, எஞ்சின் இல்லாத கிளைடருக்கு. அதற்குப் பிறகு ஆகாயக் கப்பலுக்கு. எஞ்சின் உள்ள விமானம் எவ்வளவு பெரியதானாலும் இவை எல்லாவற்றுக்கும் வழி விட்டாக வேண்டும். திரும்ப முடியாதவருக்குத் திரும்ப முடிந்தவர் விலகுவது. இதைவிட நியாயமான போக்குவரத்து விதியை நான் அறியேன்.

● பறவைகள் ஏன் மோதிக்கொள்வதில்லை? நாம் கூண்டில் வளர்த்து 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கும் பட்ஜெரிகர் கிளிகளை, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் மந்தியம் ஸ்ரீனிவாசனின் குழு ஒரு நீண்ட கூடத்தின் இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் பறக்கவிட்டுப் படம் பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட முறை. ஒரு மோதல்கூட இல்லை. எதிரெதிரே வந்த கிளிகள் பெரும்பாலும் வலது பக்கமே விலகின. ஒரே உயரத்தில் கடப்பதையும் தவிர்த்தன. 2016-இல் இந்த ஆய்வு வெளியானது. நம் விமானங்களின் விதியும் இதுவேதான்!

● சென்னையிலிருந்து டெல்லி போகும் விமானமும் டெல்லியிலிருந்து சென்னை வரும் விமானமும் ஒரே உயரத்தில் பறப்பதில்லை. கிழக்குப் பாதி நோக்கிப் போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள்: 33,000, 35,000, 37,000 அடி. மேற்குப் பாதி நோக்கிப் போகிறவர்களுக்கு இரட்டைப்படை: 34,000, 36,000, 38,000. டெல்லி சென்னைக்குச் சற்றே வடமேற்கு என்பதால் போகும்போது இரட்டை, வரும்போது ஒற்றை. அடுத்த முறை விமானத்தில் திரையில் உயரம் தெரிந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

● உயரத்தை விமானம் எப்படி அறிகிறது? காற்றழுத்தத்தை வைத்து. அழுத்தம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறுமே? மாறட்டும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே போனதும் எல்லா விமானிகளும் உயரமானியில் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். தவறு இருந்தால் எல்லோருக்கும் ஒரே அளவு தவறு. கடல் மட்டத்திலிருந்து சரியான உயரம் தெரிவதைவிட, பக்கத்து விமானத்திலிருந்து சரியான இடைவெளி இருப்பதே அங்கே உயிர் காக்கும்.

● முன்பு 29,000 அடிக்கு மேலே இரண்டு விமானங்களுக்கு இடையே செங்குத்தாக 2,000 அடி இடைவெளி வேண்டியிருந்தது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து உயரமானியின் துல்லியம் குறைந்ததே காரணம். கருவிகள் மேம்பட்ட பிறகு அது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது: 1997-இல் வட அட்லாண்டிக்கில் தொடங்கி, 2003-இல் இந்தியாவுக்கும் வந்தது. இதனால் 41,000 அடி வரை ஆறு புதிய 'மாடிகள்' கிடைத்தன.

● ஜி.பி.எஸ். வந்ததால் ஒரு புதிய ஆபத்தும் வந்தது. முன்பு விமானங்கள் பாதையிலிருந்து ஓரிரு மைல் இப்படி அப்படி விலகியே பறந்தன. இப்போது எல்லா விமானமும் கோட்டின் நடுவில் அச்சுப் பிசகாமல் பறக்கிறது. யாராவது உயரத்தைத் தவறவிட்டால் நேருக்கு நேர்தான்! அதனால் கடல் மேல் பறக்கும்போது, வேண்டுமென்றே பாதைக்கு 1 அல்லது 2 கடல் மைல் வலப்புறமாகத் தள்ளிப் பறக்க விமானிகளுக்கு அனுமதி உண்டு.

● உலகின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் ஒருவர் ஆர்ச்சி லீக். 1929-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விமானத் திடலுக்கு ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, சாப்பாடு, இரண்டு கொடிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார். கட்டம் போட்ட கொடி என்றால் போகலாம். சிவப்புக் கொடி என்றால் நில்.

● 1940 செப்டம்பர் 29 அன்று ஆஸ்திரேலியாவின் ப்ராக்கிள்ஸ்பி என்ற சிற்றூருக்கு மேலே நடந்ததை நம்புவது கடினம். பயிற்சியில் இருந்த இரண்டு ஆன்சன் ரக விமானங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மோதி, பிரிய முடியாமல் பூட்டிக்கொண்டன. மேல் விமானத்தின் எஞ்சின்கள் நின்றுவிட்டன. கீழ் விமானத்தின் எஞ்சின்கள் முழு விசையில் ஓடிக்கொண்டிருந்தன. கீழே இருந்த விமானி காயத்தோடு பாராசூட்டில் குதித்தார். மற்ற இருவரும் குதித்தார்கள். மேலே தனியாக மிஞ்சியவர் 22 வயது லெனர்ட் ஃபுல்லர். கீழ் விமானத்தின் எஞ்சின், மேல் விமானத்தின் இறக்கை. இந்த இரண்டையும் கொண்டு சுமார் 8 கி.மீ. ஓட்டிப்போய், ஒரு வயல்வெளியில் வயிற்றை உரசி இறக்கிவிட்டார்! நால்வரும் பிழைத்தார்கள். மேல் விமானம் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி பறந்தது. வானத்தில் அப்படிப் பிழைத்த ஃபுல்லர், 1944-இல் சைக்கிளில் போகும்போது பேருந்தில் மோதி இறந்தார்.

● 2013-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வானிலிருந்து குதிக்கும் விளையாட்டு வீரர்களை ஏற்றிச் சென்ற இரண்டு சிறிய விமானங்கள் மோதின. ஒன்று சிதறியது. இருந்த 11 பேருமே பிழைத்தார்கள். குதிக்கத் தயாராக வீரர்கள் எல்லோர் முதுகிலும் பாராசூட் இருந்ததே முக்கியக் காரணம்.

● 1956 ஜூன் 30. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு விமானங்கள் கிளம்பின. ஒன்று 21,000 அடியில் பறக்க அனுமதி பெற்றது. மற்றதும் 21,000 அடி கேட்டது. அங்கே வேறு விமானம் இருக்கிறது என்று மறுத்தார்கள். அப்படியானால் மேகத்துக்கு மேல் 1,000 அடியில் பறக்கிறேன் என்று கேட்டது, கொடுத்தார்கள். மேகத்துக்கு மேல் 1,000 அடி என்பது அன்றைக்கு 21,000 அடியாகவே அமைந்தது. இரண்டும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேல் மோதின. 128 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இரண்டும் ஒரே உயரத்தில் போவது தரையில் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்தப் பகுதி கட்டுப்பாட்டுக்கு உட்படாத வான்பரப்பு என்பதால், எச்சரிக்கும் கடமை யாருக்கும் இல்லை! அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக்கென்று தனி அதிகாரம் கொண்ட அமைப்பு 1958-இல் பிறந்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

● மோதலைத் தவிர்க்கும் கருவியின் மூலக் கருத்தை 1950-களில் தந்தவர் பென்டிக்ஸ் நிறுவனத்தின் மோரெல். அடுத்த விமானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்காதே, இன்னும் எத்தனை நொடியில் வந்து சேரும் என்று பார் என்பது அவர் கண்ட வழி. தூரத்தை, நெருங்கும் வேகத்தால் வகுத்தால் நொடி கிடைக்கும். மெதுவாக நெருங்கினால் அருகில்கூட அவகாசம் உண்டு. விரைந்து நெருங்கினால் தொலைவிலேயே ஆபத்து. இன்றைய கருவியும் இந்த வகுத்தல் கணக்கில்தான் நிற்கிறது.

● அந்தக் கருவியின் பெயர் டிகாஸ். நொடிக்கு ஒருமுறை சுற்றிலும் உள்ள விமானங்களைக் 'கேட்கிறது'. அவற்றில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி தன் உயரத்தைச் சொல்லிப் பதில் அனுப்புகிறது. பதில் வரும் நேரத்தை வைத்துத் தூரம். இதற்குத் தரையில் இருக்கும் ரேடாரும் வேண்டாம், கட்டுப்பாட்டாளரும் வேண்டாம்.

● முதலில் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று குரல் கொடுக்கும். உயரே பறக்கும்போது இது மோதலுக்குச் சுமார் 48 நொடி முன்பு. நிலைமை மாறாவிட்டால் சுமார் 35 நொடி முன்பு கட்டளை வரும்: 'கிளைம்ப், கிளைம்ப்' அல்லது 'டிசெண்ட், டிசெண்ட்'. விமானி 5 நொடிக்குள் கீழ்ப்படிய வேண்டும். கட்டளை நடுவில் மாறினால் 2.5 நொடிதான். ஆபத்து நீங்கியதும் 'கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்று சொல்லி ஓயும்.

● டிகாஸ் ஒருபோதும் 'இடது பக்கம் போ, வலது பக்கம் போ' என்று சொல்லாது. மேலே அல்லது கீழே மட்டும்தான். எதிர் விமானம் இருக்கும் திசையை அதன் ஆன்டெனாவால் துல்லியமாகக் கணிக்க முடியாது. உயரம் துல்லியமாகத் தெரியும்.

● குறுகலான சந்தில் எதிரே வருபவருக்கு நாம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்க, மறுபடி இருவரும் மறுபக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வோமே, அது வானத்தில் நடக்கக் கூடாது. அதனால் இரண்டு டிகாஸ் கருவிகளும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. 'நான் மேலே போகிறேன்' என்று ஒன்று சொன்னால் மற்றது கீழே போகும். இரண்டும் ஒரே நொடியில் 'மேலே' என்று சொல்லிவிட்டால்? ஒவ்வொரு விமானத்துக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. பெரிய எண் உள்ள விமானம் விட்டுக்கொடுத்துத் தன் முடிவை மாற்றிக்கொள்ளும்.

● இவ்வளவு நல்ல கருவி கட்டாயமாவதற்கு இன்னொரு விபத்து தேவைப்பட்டது. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸ் குடியிருப்புப் பகுதிக்கு மேல் மெக்சிகோவின் பயணிகள் விமானமும் ஒரு சிறிய பைப்பர் விமானமும் மோதின. வீடுகளில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

● உலகின் மிகக் கொடிய நடுவான் மோதல் நடந்தது நம் நாட்டில்தான். 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல், சவூதி அரேபியாவின் போயிங் 747 ஜம்போவும் கஜகஸ்தானின் இல்யூஷின்-76 விமானமும் மோதின. 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. ஜம்போவில் இருந்தவர்களில் ஏராளமானோர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இந்தியர்கள்.

● அன்று டெல்லியில் புறப்படும் விமானங்களுக்கும் வரும் விமானங்களுக்கும் ஒரே வழிதான். சுற்றியுள்ள வான்பரப்பில் பெரும்பகுதி விமானப் படையிடம். கஜக் விமானத்துக்கு 15,000 அடி வரை இறங்க அனுமதி. சவூதி விமானத்துக்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. கடந்து போகும்போது இடையே 1,000 அடி இருக்க வேண்டும். கஜக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. அதில் கட்டுப்பாட்டு அறையோடு பேசும் வேலை தனி வானொலி இயக்குநருக்கு. அவருக்கு முன் உயரமானி இல்லை, விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். அவர் கவனித்துக் கத்தியபோது நேரம் கடந்துவிட்டது.

● டெல்லிக் கட்டுப்பாட்டாளர் தவறு செய்யவில்லை. ஆனால் அவர் முன்னால் இருந்த பழைய ரேடாரில் விமானம் புள்ளியாக மட்டுமே தெரியும், உயரம் தெரியாது. உயரத்தைக் காட்டும் புதிய ரேடார் டெல்லிக்கு வாங்கப்பட்டு, பொருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது! இரண்டு விமானங்களிலும் டிகாஸும் இல்லை. இந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தாலும் அந்த 349 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

● நீதிபதி லஹோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வழிகள் பிரிக்கப்பட்டன. இந்தியாவில் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. உலக அளவில் அது கட்டாயமானது 2003 ஜனவரி 1 முதல்தான்.

● கருவி ஒன்று சொல்கிறது, தரையிலிருந்து மனிதர் வேறொன்று சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் இந்தக் கேள்வி 677 உயிர்களின் மேல் வந்து நின்றது. ஒரே நிறுவனத்தின் 907, 958 என்ற இரண்டு விமானங்கள். 958-ஐ இறங்கச் சொல்ல நினைத்த பயிற்சிக் கட்டுப்பாட்டாளர், எண் மாறி 907-ஐ இறங்கச் சொல்லிவிட்டார். 907-இன் டிகாஸ் 'ஏறு' என்றது. விமானி கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கினார். 958-உம் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. கடைசி நொடியில் கண்ணால் கண்டு விலகியதில் சுமார் 135 மீட்டர் இடைவெளியில் தப்பினார்கள்.

● அந்தப் பாடம் உலகுக்குப் போய்ச் சேருமுன், ஒன்றரை ஆண்டுக்குள் அதே தவறு ஐரோப்பாவில் நடந்தது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேல். ரஷ்யாவின் ஊஃபா நகரைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஏற்றிவந்த டுபலேவ்-154. குறுக்கே ஒரு சரக்கு விமானம், போயிங் 757. சூரிச் கட்டுப்பாட்டு அறையில் அந்நேரம் ஒரே ஒருவர், இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் பணியில் இருந்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார். பராமரிப்புப் பணிக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. திரையில் தோன்ற வேண்டிய எச்சரிக்கையும் அன்று இல்லை. பக்கத்தில் கார்ல்ஸ்ரூஹே நிலையத்தில் இருந்தவர்கள் ஆபத்தைக் கண்டு போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

மோதலுக்கு 43 நொடி இருக்கும்போதுதான் சூரிச் கட்டுப்பாட்டாளர் கவனித்தார். டுபலேவை இறங்கச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் டுபலேவின் டிகாஸ் 'ஏறு' என்றது. போயிங்கின் டிகாஸ் 'இறங்கு' என்றது. டுபலேவ் விமானிகள் மனிதக் குரலை நம்பினார்கள். இரண்டும் சேர்ந்தே இறங்கின. 71 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் குழந்தைகள். பிள்ளைகளையும் மனைவியையும் பறிகொடுத்த ஒருவர் 2004-இல் அந்தக் கட்டுப்பாட்டாளரைத் தேடிப்போய்க் கொன்றார். தொலைபேசியை நிறுத்தியது அவரல்ல, ஒரே ஆளை இரவுப் பணியில் விட்டதும் அவரல்ல. அவர் உயிரும் இந்த விபத்தின் கணக்கில்தான் சேரும்.

● இப்போது விதி ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. டிகாஸ் கட்டளை வந்துவிட்டால் கட்டுப்பாட்டாளர் எதைச் சொன்னாலும் கருவி சொன்னபடிதான் செய்ய வேண்டும். விமானி அதைத் தெரிவித்ததும் கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்துக்கு வேறு ஆணை எதுவும் தரக் கூடாது.

● டிகாஸின் குரலும் திருத்தப்பட்டது. ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைச் சரிசெய்யச் சொன்ன ஒரு பழைய கட்டளையை, சில விமானிகள் தலைகீழாகப் புரிந்துகொண்டு வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். இப்போது 'லெவல் ஆஃப், லெவல் ஆஃப்', அதாவது மட்டமாகப் பற என்று மட்டுமே சொல்கிறது. நெருக்கடி நேரத்தில் குழப்பம் தரும் சொல்லும் ஒரு பழுதுதான்.

● 1976 செப்டம்பர் 10 அன்று யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகருக்கு அருகே இரண்டு விமானங்கள் மோதி 176 பேர் இறந்தார்கள். ஆள் பற்றாக்குறையில் வேலை செய்த ஒரு கட்டுப்பாட்டாளருக்கு 7 ஆண்டு சிறை கிடைத்தது. உலகெங்கும் உள்ள அவருடைய சக பணியாளர்கள் குரல் கொடுத்ததில் தண்டனை முடியுமுன்பே விடுதலையானார். களைத்துப்போன ஒருவரைச் சிறையில் வைத்தால் அடுத்த நாற்காலியில் உட்காருபவரின் களைப்பு தீர்ந்துவிடுமா?

● டிரான்ஸ்பாண்டர் நின்றுபோனால் டிகாஸுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேல், 37,000 அடியில், ஒரு சிறிய ஜெட்டும் போயிங் 737 விமானமும் மோதின. சிறிய ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யவில்லை. அதன் விமானிகளுக்கு அது தெரியவும் இல்லை. இறக்கை நுனி உடைந்த ஜெட், காட்டுக்குள் இருந்த ராணுவத் தளத்தில் இறங்கியது. 7 பேரும் பிழைத்தார்கள். போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள்.

● 2022 ஜூன் 13 அன்று லண்டனிலிருந்து 275 பயணிகளோடு கொழும்பு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் விமானத்தை, துருக்கி வான்பரப்பில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறும்படி கட்டுப்பாட்டு அறை சொன்னது. 35,000 அடியில் சுமார் 15 மைல் தள்ளி வேறொரு விமானம் பறப்பதை விமானிகள் கவனித்து, ஏற மறுத்துவிட்டார்கள். அவர்களின் விழிப்பைப் பாராட்டி நிறுவனம் அறிக்கை விட்டது. 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த விமானி பயணிகளுக்குக் கிடைத்த வரம்.

● 2022 ஜனவரியில் ஒரு காலை பெங்களூருவில், அடுத்தடுத்து இணையாக உள்ள இரண்டு ஓடுபாதைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் கிளம்பி, ஒன்றை நோக்கி ஒன்று திரும்பின. ஒன்று கொல்கத்தாவுக்கு, ஒன்று புவனேஸ்வருக்கு. ஒரு ஓடுபாதையை மட்டும் பயன்படுத்துவது என்ற முடிவு எல்லோருக்கும் போய்ச் சேராததே காரணம். ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கட்டுப்பாட்டாளர் உடனே இரண்டையும் விலகச் சொன்னார். அந்த விமானங்களில் இருந்த பெரும்பாலோருக்கு என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது.

● சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பு வங்கக் கடலின் மேல் வெகுதூரம் நீள்கிறது. பூமி உருண்டை என்பதால் நடுக்கடலில் பறக்கும் விமானம் கரையில் உள்ள ரேடாருக்குத் தெரியாது. அங்கே விமானங்கள் செயற்கைக்கோள் வழியாகத் தம் இடத்தைத் தாமே தெரிவிக்கின்றன. கட்டுப்பாட்டாளரும் விமானியும் எழுத்துச் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். கண்ணுக்கும் ரேடாருக்கும் எட்டாத இடத்தில் இடைவெளியை மிகப் பெரிதாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

● தரைக்கு அருகே டிகாஸ் கட்டளை இடாது. சுமார் 1,000 அடிக்குக் கீழே வந்தால் கட்டளைகளை நிறுத்திக்கொள்ளும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் 'இறங்கு' என்று சொன்னால் தரையில் மோத வேண்டியதுதான். 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில், போட்டோமாக் ஆற்றின் மேல் தரையிறங்க வந்த பயணிகள் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் சுமார் 300 அடி உயரத்தில் மோதி 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் தடத்துக்கு அங்கே 200 அடி வரம்பு. ஜெட்டின் டிகாஸ் 'டிராஃபிக்' என்று எச்சரித்தது. அதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அந்த விமான நிலையத்தின் அருகே விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நெருங்கி வந்த நிகழ்வுகள் 15,000-க்கும் மேல் பதிவாகியிருந்தன. எச்சரிக்கை வராமல் இல்லை. வந்ததை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

● ஜப்பானின் 907 விமானம் மோதவில்லை, ஆனாலும் அதில் இருந்த சுமார் 100 பேர் காயமடைந்தார்கள். விமானி திடீரென்று மூக்கைக் கீழே சாய்த்தபோது, பெல்ட் போடாதவர்களும் பானம் பரிமாறிக்கொண்டிருந்த பணிப்பெண்களும் கூரையில் மோதினார்கள். டிகாஸ் கட்டளை வந்த 5 நொடியில் விமானி செயல்பட வேண்டும்; பயணிகளிடம் சொல்லிவிட்டுச் செய்ய நேரம் இருக்காது. ஆகவே விளக்கு அணைந்த பிறகும், உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும், தூங்கும்போதும், சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் போட்டுவிடுங்கள்.